சன்ரூஃப் ஒழுகினால், கண்ணாடியை மாற்றுவதற்கு முன்

தம்பி, நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட மட்டில் முதலில் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தானில் உங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, வைத்திருக்கும் 2016 மாடல் டீசல் எஸ்யூவி. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, கோயில் என்று வந்தால்தான் வெளியே எடுப்பார். மற்ற நாளெல்லாம் வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் நிற்கும். போன ஐப்பசி மழையில் பிரேக் அடித்ததும் மேலே உள்விளக்கு ஓரமாகத் தண்ணீர் கொட்டியிருக்கிறது. அதிலிருந்து டிரைவர் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் காயவே இல்லை, வாடையும் அடிக்கிறது. போதாக்குறைக்கு சன்ரூஃப் கண்ணாடியின் பின் ஓரத்தில் ஒரு விரிசல். ஒரு பட்டறையில் மொத்த செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள், இன்னொருவர் சிலிக்கான் அடித்தால் நின்றுவிடும் என்கிறார். நீங்கள் சென்னையில் உட்கார்ந்துகொண்டு எதை நம்புவது என்று கேட்கிறீர்கள்.

இரண்டு பேர் சொன்னதையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். வண்டிக்கு வந்திருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. கண்ணாடி ஒன்று, தண்ணீர் ஒன்று. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகப் போய்விடும் என்று நினைத்துத்தான் பலரும் காசை விடுகிறார்கள். காரைக்குடியில் இருபது வருடமாக டிங்கரிங்கும் கண்ணாடி வேலையும் பார்க்கிறேன். "சன்ரூஃப் ஒழுகுது, கண்ணாடி மாத்தணும்" என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் கண்ணாடியில் ஒரு குறையும் இருப்பதில்லை.

உங்கள் வீட்டு வளவை நினைத்துக்கொள்ளுங்கள். நடுமுற்றம் வானம் பார்த்துக் கிடக்கிறது. நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் அதில்தான் விழுகிறது. ஆனாலும் சுற்றுத் தாழ்வாரத்துக்கு ஏறுவதில்லை. முற்றம் பள்ளமாக இருக்கிறது, மூலையில் தூம்பு இருக்கிறது, விழுந்த தண்ணீர் வெளியே போய்விடுகிறது. தூம்பு வாயில் நாலு சருகு அடைத்துக்கொண்டால் அன்றைக்குத்தான் வீட்டுக்குள் முழங்கால் நனையும். அப்போது யாரும் முற்றத்துக்கு மூடி போட ஓடுவதில்லை, குச்சியை எடுத்துக்கொண்டு தூம்பைக் குத்தத்தான் போவார்கள்.

சன்ரூஃபும் அப்படித்தான். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங், காற்றையும் தண்ணீரில் பெரும்பங்கையும் வெளியே நிறுத்தும், அவ்வளவுதான். கொஞ்சம் உள்ளே இறங்கும் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். இறங்குவதைப் பிடிக்க, கண்ணாடிக்கு அடியில் சுற்றிலும் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதன் மூலைகளில் சுண்டுவிரலைவிட மெல்லிய குழாய்கள். முன்பக்கத்துக் குழாய்கள் விண்ட்ஷீல்டு ஓரத்துத் தூணுக்குள் இறங்கி, கதவுக் கீல் பக்கமோ முன்சக்கரத்து மட்கார்டுக்குப் பின்னாலோ வெளியேறும். பின்பக்கத்துக் குழாய்கள் பின்தூண் வழியாக பம்பர் பக்கம் போகும். மாடலுக்கு மாடல் இடம் மாறும், ஏற்பாடு ஒன்றுதான்.

பிரேக் அடித்ததும் கொட்டியது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியே எனக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. வண்டி நின்றதும் அது முன்னால் பாய்ந்து, விளிம்பைத் தாண்டி, உள்கூரையை மூடியிருக்கும் டாப் லைனிங் மேல் ஊற்றியிருக்கிறது. கார்ப்பெட் வலது முன்பக்கம் நனைவதால் வலது முன்குழாயை முதலில் சந்தேகப்படுகிறேன். வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டிக்கு இது வராவிட்டால்தான் ஆச்சரியம். பங்குனி சித்திரையில் வேப்பம்பூ கொட்டும், அப்புறம் நம்மூர்ச் செம்மண் புழுதி. இரண்டும் காற்றடித்து வாய்க்காலில் சேர்ந்து, முதல் தூறலில் குழைந்து, குழாய் வாயில் இறுகிப்போகும். புளியமரம் இன்னும் மோசம். அந்த இலை அளவெடுத்து வெட்டினாற்போல் குழாய்க்குள் போகும்.

போன வருடம் பள்ளத்தூரிலிருந்து ஒரு வண்டி இதே புகாரோடு வந்தது. மட்கார்டு உள்பக்கத்து பிளாஸ்டிக்கை விலக்கி, குழாயின் கீழ்முனையைத் தேடிப் பிடித்தேன். முனையில் ஒரு ரப்பர் உதடு இருக்கும். உள்ளேயிருந்து தண்ணீர் வந்தால் திறக்கும், வெளியிலிருந்து தூசியை விடாது. அதை இரண்டு விரலால் அமுக்கினேன், ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை உருட்டி அமுக்கியதும் பிண்ணாக்குக் கட்டி மாதிரி ஒன்று உதிர்ந்தது. பின்னாலேயே டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் ஒரு சொம்பு அளவுக்குக் கொட்டியது. கட்டியை உடைத்துப் பார்த்தால் பாதி வேப்பம்பூக் காம்பு, பாதி குளவி கட்டிய மண். குளவிக்கு இந்த மாதிரித் துளை கிடைத்தால் விடுமா? அந்த வண்டிக்காரர் அதற்கு முன்பே வேறோர் இடத்தில் புதுக் கண்ணாடி போட்டுவிட்டு வந்திருந்தார்.

ஆகவே முதல் வேலை சோதனை. இதற்குப் பட்டறைகூட வேண்டாம், அப்பச்சியும் ஓட்டுநரும் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் விரிசல் இருப்பதால் முதலில் விரிசலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பிறகு தண்ணீருக்கு வருகிறேன்.

முன் விண்ட்ஷீல்டு, இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, லேமினேட்டட். கல் பட்டால் கோடு விழும், கோடு ஓடும், ஆனால் அங்கேயே நிற்கும். சன்ரூஃப் கண்ணாடி பெரும்பாலும் டஃபன்டு, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கியது. அது கோடாக விரிசல் விட்டு மாதக்கணக்கில் நிற்காது. உடைந்தால் மொத்தமும் கற்கண்டு மாதிரி பொலபொலவென்று உதிரும். பெரிய பனோரமிக் கூரைகள் சிலவற்றில் லேமினேட்டட் போடுகிறார்கள். உங்கள் வண்டியில் எது என்று பார்க்க, கண்ணாடி மூலையில் சின்னதாக அச்சடித்த முத்திரையைப் படியுங்கள். டஃபன்டா லேமினேட்டடா என்று அதிலேயே இருக்கும். நம் நாட்டு வண்டிக் கண்ணாடிக்கான தரம் ஐ.எஸ். 2553, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அதுவும் இருக்கும். எழுத்து அழிந்திருந்தால் போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வெயிலில் சாய்த்துப் பாருங்கள். டஃபன்டு கண்ணாடியில் புள்ளி புள்ளியாகவோ பட்டை பட்டையாகவோ நிழல் தெரியும்.

டஃபன்டு என்று தெரிந்தால், நீங்கள் பார்ப்பது விரிசலே இல்லாமலும் இருக்கலாம். ஆழமான கீறலாக இருக்கும், அல்லது கண்ணாடியையும் அடியிலுள்ள சட்டத்தையும் சேர்க்கும் கறுப்பு ஓரம் பிரிந்திருக்கும். நகத்தை வைத்து இழுங்கள். நகம் தட்டுகிறதா, மேலேயா உள்ளேயா? கறுப்பு ஓரம் பிரிந்திருந்தால் அந்த வழியாகவும் தண்ணீர் இறங்கும். கண்ணாடியால் ஒழுகுகிறது என்று சொல்லக்கூடிய சில இடங்களில் அது ஒன்று. கண்ணாடியின் விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் மாற்றித்தான் ஆகவேண்டும். டஃபன்டு கண்ணாடிக்கு விளிம்புதான் உயிர்நிலை. இன்று ஒன்றும் ஆகாது, ஒரு நாள் சித்திரை வெயிலில் நின்றுவிட்டு ஏசியைப் போட்டதும் பட்டாசு மாதிரி வெடிக்கலாம். விண்ட்ஷீல்டுக்குச் செய்வதுபோல் பசை ஊற்றி அடைக்கும் வேலை இதற்கு உதவாது. யாராவது செய்து தருகிறேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மாற்றும்வரை அந்தக் கண்ணாடியைத் திறக்கவோ தூக்கவோ வேண்டாம். உள்பக்கத்து மறைப்புத் தட்டை இழுத்து மூடி வையுங்கள். வெடித்தால் தலையில் கொட்டாது. தப்பித்தவறி உடைந்துபோனால் மோட்டாரை இயக்கவே கூடாது. கண்ணாடி நகரும் தண்டவாளத்தில் சில்லு சிக்கினால் அதை இழுக்கும் கேபிளும் போய்விடும், கண்ணாடிச் செலவு அப்போது செட்டுச் செலவாகும். தடித்த பாலித்தீன் ஷீட்டைக் கூரைமேல் இழுத்துக் கட்டி ஒட்டி, மெதுவாக ஓட்டி வாருங்கள்.

சரி, தண்ணீர். வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணாடி நல்ல நிலையில் இருந்தால் திறந்து, இல்லையென்றால் புதுசு மாட்டக் கழற்றும் அன்றைக்கு, இந்தச் சோதனையைச் செய்யலாம். வாய்க்காலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒவ்வொரு மூலையிலும் தண்ணீரை மெல்லிய தாரையாக ஊற்றவேண்டும். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை வீட்டில் கிடந்தால் அதைவிடத் தோதான சாமான் கிடையாது. ஒரு மூலைக்கு ஒரு டம்ளர் போதும். கீழே ஒருவர் குனிந்து பார்க்கட்டும். சில நொடிகளில் சக்கரத்துப் பக்கம் சொட்ட வேண்டும். தண்ணீர் மூலையிலேயே நின்றால் அடைப்பு. மூலையில் இறங்கி, வெளியே வராமல், உள்ளே ஈரம் தெரிந்தால் குழாய் கழன்றிருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது. இரண்டாவது கொஞ்சம் பெரிய வேலை, தூணின் உள்மூடியைக் கழற்ற வேண்டும். அந்த மூடிக்குள் ஏர்பேக் இருந்தால் பழகிய கைதான் தொடவேண்டும்.

அடைப்பை எடுக்க கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் அடிப்பார்கள், விடாதீர்கள். குழாய் மேல்முனையில் வெறும் ரப்பர் பிடிப்பில்தான் நிற்கிறது. காற்று அடித்தால் அடைப்பு போகிறதோ இல்லையோ, குழாய் கழன்று தூணுக்குள் விழுந்துவிடும். அப்புறம் எத்தனை மழை பெய்தாலும் நேராக கார்ப்பெட்டில்தான். இரும்புக் கம்பியும் வேண்டாம், ஓட்டை போடும். தடித்த தூண்டில் நரம்பு, அல்லது புல்வெட்டும் மெஷினில் போடும் நைலான் கயிறு நல்லது. முனையை நெருப்பில் லேசாகக் காட்டி மொட்டையாக்கி, முறுக்கி முறுக்கி விடுங்கள். கீழ்முனையின் ரப்பர் உதட்டை முதலில் சுத்தம் செய்துவிட்டு மேலிருந்து விட்டால் வேலை சுருக்க முடியும். கடைசியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

நான்கு குழாயும் ஒழுங்காக ஓடி, அப்போதும் கார்ப்பெட் நனைந்தால் சன்ரூஃபை விட்டுவிட்டு வேறிடம் பார்க்க வேண்டும். கூரைமேல் கேரியர் கம்பி பதிந்த திருகுகள், ஆன்டெனா அடி, விண்ட்ஷீல்டு பசை, வைப்பருக்கு அடியில் சருகு சேரும் பள்ளம் எல்லாம் இதே மாதிரி ஏமாற்றும். மழையே இல்லாத வைகாசியிலும் இடது கால் பக்கம் சுத்தமான தண்ணீர் நின்றால் அது பெரும்பாலும் ஏசி தண்ணீர் போகும் குழாய் அடைப்பு.

சிலிக்கான் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. கண்ணாடியைச் சுற்றி வெளியே சிலிக்கான் பூசினால் ஒரு மழைக்கு நிற்கும். பிறகு வெயிலில் ஓரம் தூக்கும், தண்ணீர் அடியில் புகும், அந்தப் பிசிரே வாய்க்காலில் விழுந்து குழாயை அடைக்கும். வினிகர் வாடை அடிக்கும் மலிவு சிலிக்கானில் அமிலம் வெளியாகும். பெயின்ட் பெயர்ந்த தகரத்தில் பட்டால் துருவைக் கூப்பிட்டு உட்காரவைக்கும். நேரு 1948-ல் அடிக்கல் நாட்டிய சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம்மூரில்தான் இருக்கிறது, துருவைத் தடுப்பது பற்றியும் அங்கே ஆராய்ச்சி செய்கிறார்கள். அதே ஊரில் நாம் காசு கொடுத்துத் துருவை வாங்கிப் பூசுகிறோம். அவசரத்துக்கு ஒரு வாரம் ஓட்ட வேண்டுமென்றால் நல்ல டேப் ஒட்டுங்கள், உரித்து எடுத்துவிடலாம்.

மொத்த செட்டும் மாற்ற வேண்டும் என்பது தண்டவாளம் வளைந்திருந்தால், கேபிள் அறுந்திருந்தால், வாய்க்கால் சட்டமே விரிந்திருந்தால் சரி. கண்ணாடி மட்டும் போயிருந்தால் கண்ணாடியை மட்டும் வாங்கலாம். பெரும்பாலான வண்டிகளில் நகரும் கண்ணாடி, பீடிங்கும் அடிச்சட்டமும் சேர்ந்த ஒரே பொருளாக வரும். நாலோ ஆறோ திருகில் நிற்கும். டாப் லைனிங்கைக் கழற்றவே வேண்டாம். செட் மாற்றத்தான் லைனிங்கை இறக்க வேண்டும், கூலி அதில்தான் ஏறுகிறது. ஆகவே, "கண்ணாடி பேனல் தனியாக வருமா, பார்ட் நம்பர் என்ன?" என்று கேளுங்கள். ஆர்.சி.யில் உள்ள 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் பார்ட்ஸ் கடையில் சரியான நம்பரை எடுத்துவிடுவார்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே வண்டியில் நடுவில் சப்ளையர் மாறியிருந்தால் திருகுத் துளை ஒத்துவராது.

தயாரிப்பு நின்றுபோன மாடல் என்றால் காத்திருக்க நேரும். நீங்கள் சென்னையில் இருப்பதால், பழைய வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள புதுப்பேட்டையில் ஒரு நடை பார்க்கலாம். பழைய கண்ணாடி வாங்குவதில் தவறில்லை, ஆனால் விளிம்பை நான்கு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள், சில்லு இருக்கக்கூடாது. பீடிங்கை அழுத்தினால் மீண்டு எழ வேண்டும். அமுங்கியே கிடந்தால் வெயிலில் செத்த ரப்பர், வேண்டாம். முத்திரை உங்கள் பழைய கண்ணாடியோடு ஒத்துப்போகிறதா என்று போட்டோவை வைத்துச் சரிபாருங்கள். ரயிலில் கொண்டுவருவதாக இருந்தால் தட்டையாகப் படுக்கவைக்காமல் நிறுத்தி, போர்வையில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.

மாட்டும் அன்று நீங்கள் பக்கத்தில் நிற்க முடிந்தால் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், உயரம். கண்ணாடியின் முன் ஓரம் கூரைத் தகரத்துக்குச் சமமாகவோ, அதிகம் போனால் 1 மி.மீ. தாழ்வாகவோ நிற்க வேண்டும். பின் ஓரம் சமமாகவோ, 1 மி.மீ. உயரமாகவோ இருக்கலாம். மாறிப்போனால் எண்பதில் போகும்போது புல்லாங்குழல் வாசிக்கும், தண்ணீரும் தேவைக்கு மேல் உள்ளே வரும். திருகை முழுக்க இறுக்காமல் வைத்துக்கொண்டு, மூடித் திறந்து மூன்று நான்கு தடவை சரிசெய்த பிறகுதான் இறுக்குவார்கள். அவசரப்படுகிற ஆள் இதைத்தான் விட்டுவிடுவார். நான் செய்யும் சோதனை எளிது. தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பீடிங்கில் வைத்துக் கண்ணாடியை மூடி, தாளை இழுத்துப் பார்ப்பேன். சுற்றிலும் ஒரே இழுப்பாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே அமுங்கவில்லை.

மாட்டி முடித்ததும் மோட்டாருக்குப் பழையபடி அளவு சொல்லிக்கொடுக்க வேண்டும். பல வண்டிகளில் மூடும் பட்டனை விடாமல் அமுக்கிப் பிடித்தால் கண்ணாடி தானாக ஒரு முறை போய்வந்து நிற்கும். சரியான முறை வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். இதைச் செய்யாவிட்டால் பாதியில் நிற்கும், மூடிய கண்ணாடி திரும்பத் திறந்துகொள்ளும். மோட்டார் போச்சு என்று இன்னொரு பில் வரும். பேட்டரி கழற்றி மாட்டினாலும் சில வண்டிகளுக்கு இதே கதைதான். பீடிங்குக்குத் தேங்காய் எண்ணெய், வாசலைன், சேசிஸ் கிரீஸ் எதுவும் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். ரப்பருக்கான சிலிக்கான் கிரீஸ் விரல்நுனியில் தொட்டுத் தடவினால் போதும்.

இன்ஷூரன்ஸ் கேட்டிருந்தீர்கள். கல்லோ தென்னை மட்டையோ விழுந்து உடைந்தால் முழு பாலிசியில் வரும். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது, ரப்பர் பிளாஸ்டிக்குக்குப் பாதி போகும். 1500 சி.சி.க்கு மேல் உள்ள வண்டிக்கு 2,000 ரூபாய் நீங்கள் கையிலிருந்து போட வேண்டும். நாள்பட்ட ஒழுகலுக்கும் அடைப்புக்கும் ஒன்றும் வராது. கண்ணாடிக்கு மட்டும் என்றாலும் கிளெய்ம் போடுமுன் நோ கிளெய்ம் போனஸை, அதாவது கிளெய்ம் போடாத வருடங்களுக்குத் தரும் பிரீமியத் தள்ளுபடியை, கணக்குப் பாருங்கள். வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் 8,000, உங்களுக்கு 50 சதவீதத் தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். இப்போது 4,000 கட்டுகிறீர்கள். கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் 8,000, பிறகு 20, 25, 35, 45 சதவீதம் என்று ஏறி மறுபடி 50-க்கு வருவதற்குள் 10,000 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். கண்ணாடி அதைவிட எவ்வளவு கூட ஆகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். போனஸ் பாதுகாப்பு சேர்த்திருந்தால் கணக்கு வேறு.

அப்பச்சி சன்ரூஃபைத் திறப்பதே இல்லை, நிரந்தரமாக மூடிவிடலாமா என்றும் ஒரு வரி இருந்தது. பசையால் ஒட்டாதீர்கள், நாளைக்கு யாராவது பட்டனைத் தொட்டால் கேபிள் அறுந்துவிடும். நல்ல கண்ணாடி மாட்டி, மூடி, அதற்குரிய ஃபியூஸை மட்டும் உருவி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள், அந்த ஃபியூஸில் வேறெதுவும் ஓடவில்லை என்று பார்த்துக்கொண்டு. குழாயைச் சுத்தம் செய்யும் வேலை அப்போதும் உண்டு. ஆவணியில் ஒரு தடவை, மழைக்கு முன்னால். முடிந்தால் வண்டியை வேப்பமரத்தை விட்டு நாலு அடி தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்த வாடை. மேலே கார்ப்பெட் காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடியிலுள்ள நுரை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதன் கீழேதான் வயர் கட்டும், சில வண்டிகளில் கன்ட்ரோல் பெட்டியும் போகின்றன. முன் சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, வெயில் நாளாகப் பார்த்து இரண்டு மூன்று நாள் காயவிட வேண்டும். வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைக்கச் சொல்லுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் அது ஏர்பேக்குடையது. முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத்தான் அதைத் தொட வேண்டும். சீட்டை மாட்டி முடிக்கும்வரை யாரும் சாவியைத் திருகக்கூடாது என்று ஓட்டுநரிடம் சொல்லிவையுங்கள்.